தாள் முந்தட்டும், சரக்கு பிந்தட்டும்!



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை. நமது அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் எஃப்.ஐ.ஆர். நகல், மகனுடைய பாஸ்போர்ட் ஜெராக்ஸ், தேதி முடியப்போகிற விசா. நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"ஹஜ்ரத், என் மகன் அஞ்சு வருஷமா சபுர்ல டிரைவரா இருக்கான். ஒரு பீடி சிகரெட் கிடையாது. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்தவனை ஏர்போர்ட்லயே பிடிச்சு வச்சுட்டாங்க" என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

என்ன குற்றம்? முதலாளியோடு பாலைவனத்தில் கூடாரம் அடிக்கப் போன இடத்தில், மணலில் கிடந்த ஒரு தோட்டாவை அந்த வாலிபன் எடுத்திருக்கிறான். பளபளவென்று அழகாக இருக்கிறதே, சாவிக்கொத்தில் மாட்டலாம் என்று பைக்குள் போட்டிருக்கிறான். போட்டதை மறந்தும் விட்டான். எக்ஸ்ரே இயந்திரம் மறக்கவில்லை!

விரல் நீளம்கூட இல்லாத ஒரு உலோகத் துண்டு. அதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை என்ன தெரியுமா? அண்ணன் இல்லாமல் தங்கை கல்யாணம் நடந்தது. ஜாமீன் கிடைத்தபோது பாஸ்போர்ட் கோர்ட்டில் இருந்தது. பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் விசா முடிந்தது. வாய்தாவுக்கு வாய்தா வக்கீல் ஃபீஸ். வேலையும் போயிற்று.

அதே வாரம் இன்னொருவர் வந்தார். விளையாட்டுச் சாமான் மொத்த வியாபாரி. கன்டெய்னரில் பொம்மைகளோடு பொம்மையாக நான்கு பெட்டி 'ஏர் பிஸ்டல்' வந்திருக்கிறது. இன்வாய்ஸில் 'டாய்ஸ்' என்று ஒரே வார்த்தை. துறைமுகத்தில் மொத்தச் சரக்கும் நின்றுவிட்டது. "நான் ஆர்டர் பண்ணினது பொம்மைதானே ஹஜ்ரத்?" என்று நம்மிடமே கேட்டார்.

இருவருமே கெட்டவர்கள் அல்லர். இருவருக்கும் ஒரே ஒரு விஷயம் தெரியாமல் போயிற்று. மற்ற சரக்கில் முதலில் பொருள், பிறகு தாள் என்று ஓடிப்பிடித்துச் சமாளித்துவிடலாம். ஆயுதத்தில் அது நடக்காது. தாள் முதலில் வர வேண்டும். தாளுக்கு முன்னால் பொருள் வந்தால், வந்த நிமிடமே அது குற்றம்!

நாமும் இதை முழுமையாக அறிந்திருக்கவில்லை. ஒரு வக்கீல் சகோதரரை உட்கார வைத்துக்கொண்டு சட்டப் புத்தகத்தைப் புரட்டிய பிறகே விளங்கியது. விளங்கியதை உங்கள் முன் வைப்பது கடமை என்று கருதுகிறோம்.

வெள்ளையன் போட்ட பூட்டு

இந்த நாட்டில் ஆயுதத்துக்கு லைசென்ஸ் என்ற பூட்டைப் போட்டது யார்? வைஸ்ராய் லிட்டன் பிரபு. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அவர் காலத்தில் வந்தது. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே 1878-இல், அதே லிட்டன் காலத்தில் வந்ததுதான். ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியனுக்கு லைசென்ஸ்! மண்ணின் மைந்தனை நம்பாதவன் போட்ட பூட்டு அது. ஆகவேதான், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் எழுதி வைத்தார்கள்.

விடுதலைக்குப் பின் 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் 2016-இல் புதிதாக எழுதப்பட்டன. 2019-இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்தது 2 ஆகக் குறைந்தது. லைசென்ஸின் ஆயுள் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்ந்தது.

பூட்டு இருக்கிறது. உண்மைதான். ஆனால் வாசலும் இருக்கிறது. வாசலைத் தேடாமல் சுவர் ஏறிக் குதிப்பவன்தான் மாட்டிக்கொள்கிறான்.

வாசல் எங்கே இருக்கிறது?

ஒரு வாசல் அல்ல, மூன்று வாசல்கள். மூன்றையும் வரிசையாகக் கடக்க வேண்டும்.

முதல் வாசல் உள்துறை. ஆயுதத்தை வைத்திருப்பதற்கே லைசென்ஸ் வேண்டும் என்கிறது சட்டத்தின் 3-ஆம் பிரிவு. மாவட்டங்களில் கலெக்டரிடம், சென்னையில் போலீஸ் கமிஷனரிடம் மனுச் செய்ய வேண்டும். 21 வயது நிறையாதவர் பொதுவாக வாங்க முடியாது. போலீஸ் விசாரணை உண்டு. துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். எங்கே பூட்டி வைப்பீர்கள் என்பதற்கு உறுதிமொழி கொடுக்க வேண்டும். லைசென்ஸ் விவரம் தேசிய கணினிப் பதிவேட்டில் ஏறி, அதற்கென்று ஒரு தனி எண் கிடைக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டு வருவதைப் பற்றிப் பேசுவது 10-ஆம் பிரிவு. கடல் வழியோ, தரை வழியோ, ஆகாய வழியோ, லைசென்ஸ் இல்லாமல் எந்த ஆயுதமும் தோட்டாவும் நாட்டுக்குள் வரக்கூடாது; நாட்டை விட்டுப் போகவும் கூடாது. ஆயுதம் வைத்திருக்க ஏற்கெனவே சட்டப்படி உரிமை பெற்றவர், சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் கொண்டு வந்தால் அவருக்கு மட்டும் இந்தப் பிரிவில் தனி லைசென்ஸ் தேவையில்லை. கவனித்தீர்களா? இங்கேயும் தாள்தான் முந்துகிறது! அப்படிக் கொண்டு வருபவர் மீதும் சந்தேகம் எழுந்தால், மத்திய அரசின் உத்தரவு வரும்வரை பொருளை நிறுத்தி வைக்கச் சுங்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

இரண்டாம் வாசல் வணிக அமைச்சகம். துப்பாக்கியும் தோட்டாவும் தாராள இறக்குமதிப் பட்டியலில் இல்லை. கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். யாருக்குக் கிடைக்கும்? பெயர் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களும் ரைபிள் கிளப்புகளும் விளையாட்டுத் துறையின் பரிந்துரையோடு சொந்த உபயோகத்துக்குக் கேட்கலாம். லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரிகள் குறிப்பிட்ட சில ரகத் தோட்டாக்களுக்குக் கேட்கலாம். மற்றவர்கள் 'வாங்கி விற்கலாமே' என்று கணக்குப் போட்டால், அந்தக் கணக்கை இப்போதே அழித்துவிடுங்கள்.

மூன்றாம் வாசல் சுங்கம். முதல் இரண்டு தாள்களும் அங்கே ஒத்துப்போக வேண்டும். எந்த நாட்டுத் தயாரிப்பு, என்ன ரகம், குழல் என்ன விட்டம், வரிசை எண் என்ன, எத்தனை தோட்டா? எல்லாம் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். தாளில் 1 இருந்து பெட்டியில் 2 இருந்தால், அந்த இரண்டாவது பொருள் கடத்தல் பொருள்!

இவ்வளவு கெடுபிடியிலும் முறையாகக் கடந்து வருபவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் துப்பாக்கியோடு களத்தில் நின்றார். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் தங்கம் வென்றார். இந்த விளையாட்டில் பேர் பெற்ற துப்பாக்கிகள் பெரும்பாலும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும் தயாராகிறவை. நம் வாலிபர்களில் யாருக்காவது இந்த விளையாட்டில் ஆர்வம் இருந்தால் தயங்க வேண்டாம்! பதிவு பெற்ற ரைபிள் கிளப்பில் சேருங்கள். கிளப்பும் சங்கமும் உங்கள் பெயரில் தாளை நகர்த்தும். அதுதான் நேர் வழி.

சபுர் முடித்து வருபவர்களுக்கு

வெளிநாட்டில் வாழும் சகோதரர்களே! உங்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள்.

பயண உடைமையில் துப்பாக்கி கொண்டு வருவதற்குத் தடை உண்டு. குடியிருப்பை மாற்றிக்கொண்டு நிரந்தரமாக இந்தியா திரும்புபவருக்கு மட்டும், அனுமதிக்கப்பட்ட ரகத்தில் 1 துப்பாக்கி கொண்டு வரச் சுங்கத்துறையின் வழிகாட்டுதல் இடம் தருகிறது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. வெளிநாட்டில் குறைந்தது 1 ஆண்டாவது அது உங்களிடம் உபயோகத்தில் இருந்திருக்க வேண்டும். இந்திய லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். வரி கட்ட வேண்டும். வாழ்நாள் முழுவதும் அதை விற்கவோ, இரவல் கொடுக்கவோ, பிறர் கைக்கு மாற்றவோ கூடாது. இந்திய லைசென்ஸ் வந்த பிறகுதான் விமான டிக்கெட்டைப் பற்றியே யோசிக்க வேண்டும்!

துப்பாக்கி கொண்டு வருபவர் நம்மில் ஆயிரத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார். நம் கவலை மற்ற 999 பேரைப் பற்றியது. சாவிக்கொத்துத் தோட்டா, மேசை அலங்காரக் காலிக் கூடு, நண்பன் கொடுத்த ஞாபகப் பொருள் என்று எதையும் பையில் வைக்காதீர்கள். தோட்டாவின் பாகங்களையும் சட்டம் தோட்டா என்றே எண்ணுகிறது. வெடிக்குமா வெடிக்காதா என்று தீர்மானிப்பது விமான நிலையத்தில் நடக்காது; ஆய்வுக்கூடத்தில் நடக்கும். அறிக்கை வரும்வரை நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

ஓமன், எமன் பக்கம் இடுப்பில் செருகும் கஞ்சர் கத்தியைப் பலர் அன்பளிப்பாகக் கொண்டு வருகிறார்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகு கொண்ட வாள், குத்துவாள் வகைகள் ஆயுத விதிகளின் பட்டியலில் இருக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவை வேறு. அலமாரியில் அழகாக இருக்கும் என்று எண்ணியதை அதிகாரி ஆயுதம் என்று எழுதினால் என்ன செய்வீர்கள்?

பயணத்துக்கு முந்தைய இரவு, உங்கள் பையை நீங்களே கொட்டிக் கவிழ்த்துப் பாருங்கள். பிறர் கொடுத்தனுப்பும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். 'பிரித்துப் பார்த்தால் மனவருத்தம் வரும்' என்கிறீர்களா? வரட்டும்! ஜெயிலை விட மனவருத்தம் மேல்.

வணிகப் பெருமக்களுக்கு

பொம்மை வியாபாரியின் கதைக்கு வருவோம். காற்றுத் துப்பாக்கி பொம்மை அல்ல. சுங்க அட்டவணையில் பொம்மைக்கு 95-ஆம் அத்தியாயம். ஆயுதத்துக்கு 93-ஆம் அத்தியாயம். குழல் விட்டம் 0.177 அங்குலத்தைத் தாண்டினாலோ, பாய்ச்சல் விசை 20 ஜூலைத் தாண்டினாலோ காற்றுத் துப்பாக்கிக்கும் ஆயுத லைசென்ஸ் வேண்டும் என்பது 2016 விதிகளின் நிலை. சீனத்து வியாபாரி பெட்டியின் மேல் 'டாய்' என்று அச்சடித்துத் தருவான். அவனுக்கென்ன? கையெழுத்துப் போடுவது நீங்கள்!

நிஜ பொம்மைக்கே இப்போது தாள் வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர முத்திரை கட்டாயம். 20 சதவீதமாக இருந்த சுங்க வரி 2020-இல் 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. சிங்கப்பூர் வியாபாரம் செய்வோர் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: கைத்துப்பாக்கி வடிவத்தில் செய்த சிகரெட் லைட்டரே அந்த நாட்டின் தடைப் பட்டியலில் இருக்கிறது. எந்த நாட்டுக்குச் சரக்கு போகிறதோ அந்த நாட்டுப் பட்டியலைப் பார்க்காமல் பெட்டி கட்டாதீர்கள்.

ஒரு பொருள் எந்த அத்தியாயத்தில் வரும் என்று சந்தேகமா? சரக்கு கிளம்பும் முன்பே எழுதிக் கேட்டு, முன்கூட்டியே தீர்ப்புப் பெற சுங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

'நான் பார்த்துக்கிறேன் பாய்!'

நம் வியாபாரிகளைக் கவிழ்ப்பது இந்த ஒரு வாக்கியம்தான். ஏஜென்ட் சொல்கிறார்: "நான் பார்த்துக்கிறேன் பாய், எல்லாம் நம்ம ஆள்தான்." நம்மவர் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிறார். வழக்கு வந்தால் அந்த ஏஜென்டின் போன் எடுக்காது. இறக்குமதியாளர் எண் யாருடையது? உங்களுடையது. கோர்ட்டில் நிற்பது யார்? நீங்கள்.

லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று பணம் கறக்கும் தரகர்களும் இருக்கிறார்கள். போலி லைசென்ஸோடு பிடிபட்டால், லைசென்ஸே இல்லாதவனை விட நிலைமை மோசம். ஆயுத வழக்கோடு மோசடி வழக்கும் சேரும். உங்கள் மனு, உங்கள் கையெழுத்து, உங்கள் ரசீது. இதற்கு மாற்று இல்லை.

அனுமதியின்றி வைத்திருந்தாலும், 10-ஆம் பிரிவை மீறிக் கொண்டு வந்தாலும், 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாகக் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. ஆயுதக் கடத்தல் என்று முடிவானால் குறைந்தது 10 ஆண்டு. ஆயுள் வரை போகலாம். கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுட்டாலும் 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

இதில் ஒரு உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தோட்டா வழக்கு யார் மீது வந்தாலும் துன்பம்தான். நம் பெயருள்ள ஒருவன் மீது வந்தால், விசாரணை தொடங்கும் முன்பே தலைப்புச் செய்தி தயாராகிவிடுகிறது. அவன் விடுதலையானால் அந்தச் செய்திக்கு ஒரு மூலையில்கூட இடம் இருப்பதில்லை. இது அநியாயம் என்று நாம் கத்தலாம், கத்தவும் வேண்டும். அதே நேரத்தில், அந்தத் தலைப்புக்கு நாமே எழுத்துக் கோத்துக் கொடுக்கலாமா?

உரிமைகளையும் அறிந்துகொள்ளுங்கள்

கடமை சொன்னோம். உரிமையும் சொல்கிறோம்.

மனுவை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 14-ஆம் பிரிவு. கேட்டால் அதைச் சுருக்கமாகத் தரவும் வேண்டும். பொதுநலன் கருதி மட்டுமே மறுக்கலாம். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. காலக்கெடு கடக்கும் முன் போட வேண்டும். 'எடுத்து வச்சிருக்கோம், போய்ட்டு வாங்க' என்ற வாய்மொழியை நம்பி ஆண்டுக்கணக்கில் நடக்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள்!

சுங்கத்தில் சரக்கைப் பிடித்தால், பறிமுதல் உத்தரவுக்கு முன் காரணம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். பிடித்த 6 மாதத்துக்குள் நோட்டீஸ் வராவிட்டால், காலநீட்டிப்பு உத்தரவு இல்லாதபோது, பொருளைத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. உடல் சோதனை என்றால் கெசட்டட் அதிகாரி முன் சோதிக்கக் கோரும் உரிமை உண்டு.

பையில் தோட்டா இருந்ததே உங்களுக்குத் தெரியாது என்றால், அதற்கும் நீதிமன்றத்தில் இடம் இருக்கிறது. வைத்திருந்தான் என்றால் அறிந்து வைத்திருந்தான் என்று பொருள் என 1972-இலேயே குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1994-இல் சஞ்சய் தத் வழக்கில் அரசியல் சாசன அமர்வும் தடா சட்டத்தின் கீழ் அதையே வலியுறுத்தியது. துப்பாக்கி இல்லை, ஒரே ஒரு தோட்டா பையில் கிடந்தது என்ற வழக்குகளைப் பயணிகளுக்குச் சாதகமாக டெல்லி உயர் நீதிமன்றம் பல முறை ரத்து செய்திருக்கிறது. 3-ஆம் பிரிவுக் குற்றத்துக்கு வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 39-ஆம் பிரிவு. உங்கள் வக்கீல் அந்த அனுமதித் தாளைக் கேட்டாரா?

ஆனால் சகோதரர்களே, அந்தப் பெரியவரின் மகன் தன் கையாலேயே தோட்டாவை எடுத்தவன். 'எனக்குத் தெரியாது' என்று அவனால் எளிதில் சொல்ல முடியவில்லை. சட்டத்தில் வழி இருப்பது வேறு. அந்த வழியில் ஆண்டுக்கணக்கில் நடப்பது வேறு. நிரபராதி என்ற தீர்ப்பு போன வேலையைத் திருப்பித் தராது.

அரசிடம் நாம் கேட்பது

நாம் சலுகை கேட்கவில்லை. தெளிவு கேட்கிறோம்.

தமிழக விமான நிலையங்களிலும் துறைமுக அலுவலகத்திலும், எதைக் கொண்டு வரலாம், எதைக் கொண்டு வரக்கூடாது என்ற பட்டியலைத் தமிழில் பெரிய எழுத்தில் வையுங்கள். புறப்படும் நாட்டிலேயே நம் தூதரகங்கள் அதைத் தமிழிலும் மலையாளத்திலும் உருதுவிலும் கொடுக்கட்டும். இறக்குமதி அனுமதிக்கு எந்த அலுவலகம், என்னென்ன தாள், எத்தனை நாள் என்பதை ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள். மறந்துபோன ஒற்றைத் தோட்டாவையும் ஆயுதக் கடத்தலையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். முதல் நாளிலேயே பிரித்துப் பார்க்கும் நடைமுறையை வகுத்துக் கொடுங்கள். சட்டத்தைத் தெரியாது என்று குடிமகன் சொல்லக் கூடாது என்றால், சட்டத்தைத் தெரிவிக்கும் பொறுப்பை அரசும் தட்டிக் கழிக்கக் கூடாது!

வாலிபர்களே! உங்கள் தெருவில் சபுர் போகிற, சபுர் முடித்து வருகிற ஒவ்வொருவரிடமும் இந்தச் செய்தியைச் சேருங்கள். வணிகர்களே! உங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு வக்கீலையும் ஒரு கிளியரிங் ஏஜென்டையும் அழைத்து, அரை நாள் உட்கார்ந்து கேளுங்கள்.

அன்றைக்கு அந்தப் பெரியவர் புறப்படும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார்: "இது தப்புன்னு அவனுக்கு ஒருத்தரும் சொல்லலியே ஹஜ்ரத்?"

நமக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. இந்தத் தலையங்கம்தான் நமது பதில். இனி ஒரு தகப்பன் அந்தக் கேள்வியோடு நம் வாசலுக்கு வரும் நிலை வேண்டாம்.